நெஞ்சு நோ

கவுண்டரின் கண்ணாடிக்குக் கீழே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி உண்டு. படிவங்களும் பரிசோதனைப் போத்தல்களும் போய்வருகிற வழி அது. ஒரு திங்கட்கிழமை காலை அதற்குள்ளால் பிளாஸ்டிக் கார்ட் ஒன்று என் பக்கம் தள்ளப்பட்டது. வங்கிக் கார்ட் அளவு. ஒரு பக்கத்தில் பொன்னிறச் சில்லு, மூலையில் சின்னதாகக் கறுப்பு வெள்ளைப் படம். படத்தில் இருந்தவர்தான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். என் மச்சாள், இறந்துபோன என் கணவரின் அக்கா. இருபத்தாறு வருடம் ஜெர்மனியில் இருந்தவர், புருஷன் போன பிறகு மகனோடு இருக்கலாம் என்று லண்டனுக்கு வந்து அப்போதுதான் மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் கோலியர்ஸ் வுட்டில் ஒரு டொக்டரின் கிளினிக்கில் ரிசெப்ஷனில் இருந்தேன். இன்றும் இருக்கிறேன்.

“மச்சாள், இஞ்சை கார்ட் ஒண்டும் தேவையில்லை” என்று சொல்லி அதைத் திருப்பித் தள்ளினேன். அவர் அதை எடுக்கவில்லை. “கார்ட் இல்லாட்டி நான் ஆர் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டார். பகிடி விடவில்லை, உண்மையாகவே கேட்டார். பிறந்த திகதியும் வீட்டு விலாசமும் சொன்னால் காணும் என்றேன். இவ்வளவு பெரிய நாட்டில் வாயால் சொல்வதை நம்பி டொக்டரிடம் விடுகிறார்களா என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். அந்த ஆச்சரியத்தில் கொஞ்சம் இளக்காரமும் இருந்தது என்று எனக்குப் பட்டது. எனக்கு உடனே ரோஷம் வந்துவிட்டது. நான் என்னவோ இந்த நாட்டுச் சுகாதார மந்திரி மாதிரி.

ஜெர்மனியில் அவருக்கு இருபது வருடமாக ஒரே டொக்டர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கார்டைக் கொண்டுபோய் மேசையில் வைக்க வேண்டும். மெஷின் ஒரு கீச்சுச் சத்தம் போடும். அங்கே இருக்கிற பெண் பெயர் சொல்லிக் காலை வணக்கம் சொல்லுவாள். அந்த டொக்டர் வாசலுக்கு வந்து கைகொடுத்து உள்ளே கூட்டிப்போவாராம். இரத்தத்தை எடுத்து, நெஞ்சில் வயர் பூட்டி ஒரு படமும் எடுத்துவிட்டுத்தான் என்ன செய்கிறது என்றே கேட்பாராம். மச்சாள் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தவர். அந்த ஊரில் அவருக்குக் கைகொடுத்தவர் அந்த டொக்டர் ஒருவர்தான் என்பதைப் பல காலம் கழித்துத்தான் சொன்னார். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கார்டைப் பற்றி நான் பகிடி பண்ணியதில்லை.

எங்கள் சனம் ஐரோப்பா முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. கலியாண வீடுகளில் சாப்பாட்டு மேசையில் ஒன்றுசேர்ந்தால், முன்பெல்லாம் ஊரைச் சொல்லிப் பெருமை பேசியவர்கள் இப்போது ஆஸ்பத்திரியைச் சொல்லிப் பேசுகிறார்கள். பாரிஸ்காரர் தடிமன், தும்மலுக்குப் போனாலும் டொக்டர் ஐந்து பெட்டி மருந்து எழுதித் தருகிறார் என்பார். சுவிஸ்காரர் காப்புறுதியின் பாரத்தைச் சொல்லி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, ஆனாலும் எங்கள் ஆஸ்பத்திரி ஹோட்டல் மாதிரி என்பார். டென்மார்க்கில் இருந்து வந்தவர் தன் மஞ்சள் கார்டை எடுத்துக் காட்டுவார். இதைக் காட்டினால் எல்லாக் கதவும் திறக்கும் என்பார், டொக்டரின் பெயரும் அதிலேயே இருக்கிறதாம். கடைசியில் எல்லோரும் லண்டன்காரரின் பக்கம் திரும்புவார்கள். “உங்களுக்கு என்ன, எல்லாத்துக்கும் பனடோல்தானே” என்று காய்ச்சல் மாத்திரையைச் சொல்லி ஒருவர் தொடங்க மேசை முழுக்கச் சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் யாரிடமும் எதையும் கேட்காமல், எந்தக் கார்டும் பார்க்காமல், விழுந்தவனைத் தூக்கிக்கொண்டு போகிற நாடு இது என்று சொல்ல ஒவ்வொரு முறையும் வாய் உன்னும். சொன்னதில்லை.

டொக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கே காலை எட்டு மணிக்குக் கிளினிக்குக்குப் போன் எடுக்க வேண்டும். எட்டுக்கும் எட்டரைக்கும் இடையில் அன்றைய இடங்கள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு எடுப்பவர்களிடம் நாளைக்கு எடுங்கள் என்று சொல்வதுதான் என் வேலை. தமிழ்ச் சனம் எங்களைப் போன்றவர்களை நந்தி என்று சொல்வது எனக்குத் தெரியும். சாமியை மறைத்துக்கொண்டு குறுக்கே படுத்திருப்பவர்கள் நாங்கள். மச்சாளுக்கு இந்தப் போன் முறை பிடிபடவே இல்லை. “தெர்மின்” எடுக்க வேண்டும் என்பார். ஜெர்மன் சனம் டொக்டரிடம் நேரம் எடுப்பதற்குச் சொல்கிற சொல் அது. போனில் வரிசையில் இருபத்து மூன்றாவது ஆள் நீங்கள் என்று ஒரு குரல் சொல்ல, அவர் போனை வைத்துவிட்டு நடந்தே வந்துவிடுவார். மகனின் வீடு பத்து நிமிட நடை. கதவு திறக்கும் முன்பே வாசலில் நிற்பார், தலையில் கம்பளித் தொப்பி, கையில் அந்தக் கார்ட். நானும் முதல் வருடத்தில் இரண்டு மூன்று தடவை ஏதோ ஓர் இடத்தைச் செருகிக் கொடுத்தேன்.

அவருடைய வருத்தங்கள் பெரியவை அல்ல. முழங்கால் நோகும், கண் எரியும், இரவில் நித்திரை வராது. சில நாட்களில் என்ன வருத்தம் என்று கேட்டால் யோசிப்பார். மகனும் மருமகளும் ஷிப்ட் வேலை, ஒருவர் வர மற்றவர் போவார். பேரப்பிள்ளைகள் “அப்பம்மா” என்று அன்பாகக் கூப்பிடுவார்கள், பிறகு இங்கிலிஷில் பேசுவார்கள். அவருக்கு ஜெர்மன் தெரியும், இங்கிலிஷ் வராது. பகல் முழுக்க அந்த வீட்டில் ஃப்ரிட்ஜின் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்காது என்று ஒருமுறை சொன்னார். கவுண்டரில் என்னோடு பேசுகிற ஐந்து நிமிடத்துக்காகத்தான் அவர் வந்தார். இதை இப்போது எழுதுவது சுலபம். அப்போது எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். “ஒருநாள் வீட்டை வாருமன், சோறு காச்சித் தாறன்” என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். ஸ்ட்ரெதமில் தனியறை எடுத்துத் தனியாக இருந்தவள் நான், பிள்ளைகளும் இல்லை. போயிருக்கலாம். வேலை முடிய அலுப்பு மச்சாள், வாற கிழமை பாப்பம் என்பேன். அவரைப் பார்க்கும்போது என் கணவரின் மூக்கும் நெற்றியும் தெரியும். அது எனக்குத் தாங்கவில்லை என்பதுதான் உண்மையான காரணம்.

ஒருநாள் மனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். நல்ல மனுஷி, குரலை உயர்த்த மாட்டார். உன் உறவினர் வரிசையைத் தாண்டி வருகிறார் என்று ஒருவர் புகார் எழுதியிருப்பதாகச் சொன்னார். சொந்தக்காரருக்கு நீ மொழிபெயர்க்கவும் கூடாது, அதற்கென்று போனில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் ஞாபகப்படுத்தினார். எனக்கு முகம் சுட்டது. பதினெட்டு வருட வேலையில் யாரிடமும் ஒரு சொல் கேட்டதில்லை. அடுத்த முறை மச்சாள் வந்து கார்டை இடைவெளிக்குள்ளால் தள்ளியபோது நான் அதைத் தொடவில்லை. “இனி என்னட்டை வராதேங்கோ மச்சாள். எல்லாரையும் போலை போன் பண்ணுங்கோ. தமிழ் எண்டு சொன்னால் ஆள் தருவினம்.” அவர் ஓம் என்று தலையாட்டினார். கார்டை எடுத்துக் கைப்பையில் வைத்து, பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார். பின்னால் நின்றவரிடம் இங்கிலிஷில் “சொறி” என்றும் சொன்னார். அது அவர் அறிந்திருந்த நாலைந்து இங்கிலிஷ் சொற்களில் ஒன்று.

பிறகு ஐந்து மாதம் அவர் வரவில்லை. வேலைக்கு வரும்போது வாசலைப் பார்ப்பேன், கம்பளித் தொப்பி இருக்காது. அப்பாடா என்று இருக்கும். பத்து மணியளவில் அந்த அப்பாடா போய்விடும். அன்றைக்கு முழுவதும் ஒரு தமிழ்ச் சொல்லும் என் வாயில் வராத நாட்கள் இருந்தன. ஆனாலும் நான் அவருக்குப் போன் எடுக்கவில்லை. சட்டத்தின்படி நடந்தவள் நான், அவர் கோபித்தால் கோபிக்கட்டும் என்று ஒரு வீம்பு.

அந்தப் புதன்கிழமை அவர் வந்தார். மருந்தெழுத இல்லை, இரத்தப் பரிசோதனைக்கான தாளை வாங்க. நான் சொன்னபடி காலையில் போன் எடுத்து, வரிசையில் காத்திருந்து, தமிழ் என்று சொல்லி ஆளைப் பெற்று, நர்சோடு பேசிவிட்டாராம். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையின் முகம் அவருக்கு. “இந்தியாப் பிள்ளை ஒண்டு போனிலை வந்தது. நல்ல மரியாதையான பிள்ளை. கேட்டதுக்கெல்லாம் வடிவாச் சொல்லிப்போட்டன். நெஞ்சைப் பற்றி, கையைப் பற்றி, முதுகைப் பற்றி, மூண்டுக்கும் சொன்னனான்.” முகம் வெளுத்திருந்தது. நெற்றியில் வியர்வை. தாளை அச்சடிக்க அவருடைய பதிவைத் திறந்தேன். நர்சின் குறிப்பு திரையில் இருந்தது. நெஞ்சில் நோவு இல்லை. கையில் நோவு இல்லை. முதுகில் நோவு இல்லை. களைப்பாக இருக்கிறதாம். இரண்டு கிழமையில் இரத்தப் பரிசோதனை, தேவையென்றால் பனடோல்.

எங்களுக்கு நோ என்றால் நோவு. இந்தியாவில் வலி என்பதை நாங்கள் நோ என்போம். தலையிடி மட்டும்தான் தலையிடி, மற்றதெல்லாம் நோ. வயிற்று நோ, முழங்கால் நோ, நெஞ்சு நோ. இதே சொல்லை மச்சாள் ஜெர்மனியில் இருபத்தாறு வருடம் பேசினார், ஒருவருக்கும் ஒரு கெடுதியும் வரவில்லை. அங்கே இல்லை என்பதற்கு “நைன்” என்பார்கள். பாரிஸில் “நோன்” என்பார்கள், கொஞ்சம் மூக்கால் சொன்னால் தப்பிவிடலாம். லண்டனில் மட்டும்தான் எங்கள் நோவும் அவர்களின் இல்லையும் ஒரே சத்தத்தில் இருக்கின்றன. அந்த இந்தியப் பிள்ளை நெஞ்சு வலி இருக்கா என்று கேட்டிருக்கும். மச்சாள் “நோ, நெஞ்சு நோ” என்றிருப்பார். பேச்சுக்குப் பேச்சு இங்கிலிஷ் கலந்து பேசுகிற ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? “களைக்குது” என்று அவர் சொன்னது மூச்சு வாங்குகிறது என்பதற்கு. அது களைப்பு என்று பதிவாகியிருந்தது.

திரையைப் பார்த்ததும் எனக்கு இதெல்லாம் விளங்கிவிட்டதா? உடனே விளங்கியது என்று சொல்ல மாட்டேன். விளங்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மூன்று இல்லைகளைப் பார்த்தபோது உள்ளே ஏதோ இடறியது. ஒன்றும் இல்லை என்றால் ஏன் இவர் வியர்த்து நிற்கிறார் என்று ஒரு கேள்வி வந்து நின்றது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். பின்னால் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். மனேஜர் என் முதுகுப் பக்கம் பைல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். மச்சாள் கண்ணாடிக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து, “எல்லாம் எழுதியிருக்கினமே?” என்று கேட்டார். நான் தாளை இடைவெளிக்குள்ளால் நீட்டினேன். “எல்லாம் எழுதியிருக்கு மச்சாள், பயப்பிடாதேங்கோ.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் பஸ் தரிப்பில் சரிந்து விழுந்தார். யாரோ முகம் தெரியாத ஒருவர் ஆம்புலன்சுக்குப் போன் அடித்திருக்கிறார். வந்தவர்கள் கைப்பையைத் திறந்தபோது அந்தக் கார்ட் இருந்தது. அதில் இருந்த பெயரையும் பிறந்த திகதியையும் வைத்துத்தான் அவர் யார் என்று கண்டுபிடித்து மகனுக்கு அறிவித்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அரை மணி நேரத்தில் இரத்தக்குழாயின் அடைப்பை எடுத்து உள்ளே சின்ன வலைக்குழாய் வைத்துவிட்டார்கள். எந்தக் கேள்வியும் இல்லை, எந்த வரிசையும் இல்லை. கலியாண வீட்டு மேசையில் நான் சொல்லாமல் விட்டதெல்லாம் அன்றைக்கு உண்மையாயிற்று. ஆனால் அதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு அப்போது இல்லாமல் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். “மூண்டு தரம் சொன்னனான். கேக்கேல்லையே. லண்டன் டொக்டர்மார் அப்பிடித்தான்” என்றார், கோபம் இல்லாமல். பக்கத்தில் நின்ற மகன் ஓம் ஓம் என்று தலையாட்டினான். திரையில் பார்த்ததை அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அவருடைய கை போர்வைக்கு மேலே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, ஓம் மச்சாள், அப்பிடித்தான் என்றேன். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் ஒரு டிஷ்யூவைத் தந்துவிட்டுத் திரும்பவும் போனைப் பார்க்கத் தொடங்கினாள்.

அடுத்த திங்கட்கிழமை மனேஜரிடம் அந்தச் சொல்லைப் பற்றிச் சொன்னேன். சொல்லைப் பற்றி மட்டும். அவர் கவனமாகக் கேட்டார், மொழிபெயர்ப்பாளர்களை அனுப்புகிற இடத்துக்கும் எழுதினார். இப்போது எங்கள் கிளினிக்கில் ஒவ்வொரு போனுக்கும் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருக்கிறது. இலங்கைத் தமிழர் நோ என்று சொன்னால் நோவு என்று அர்த்தம், இன்னொரு முறை கேளுங்கள் என்று இங்கிலிஷில் எழுதியிருக்கிறேன். புதிதாக வருகிற டொக்டர்மார் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், பிறகு நல்ல விஷயம் என்பார்கள். மனேஜர் ஒருமுறை எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். கேக் வெட்டினோம். என் துண்டை டிஷ்யூவில் சுற்றிக் குப்பையில் போட்டேன்.

ஜெர்மனியிலேயே கலியாணம் கட்டி இருந்த அவருடைய மகள் வந்து மச்சாளைத் தன்னோடு கூட்டிப்போனாள். போவதற்கு முதல்நாள் அவர் கிளினிக்குக்கு வந்தார். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் அந்தக் கார்டை இடைவெளிக்குள்ளால் தள்ளினார். “இது உம்மட்டை இருக்கட்டும். திகதி முடிஞ்சிட்டுது, அங்கை புதுசு தருவினம்” என்றார். பின்னால் ஆட்கள் நின்றார்கள், அவர் விலகிக்கொண்டார். சோறு காய்ச்சித் தருகிறேன் என்று அன்றைக்கு அவர் கூப்பிடவில்லை.

இப்போது கிளினிக் வாசலில் ஒரு திரை வைத்திருக்கிறார்கள். பிறந்த திகதியைத் தட்டினால் நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று அதுவே சொல்லும். போன் எடுப்பதும் குறைந்துவிட்டது, எல்லாம் ஆப்பில். என்னிடம் வருகிறவர்கள் திரையைக் கையாளத் தெரியாதவர்களும், கழிவறை எங்கே என்று கேட்பவர்களும்தான். மச்சாள் ஞாயிற்றுக்கிழமைகளில் பின்நேரம் போன் எடுப்பார். அந்தப் பழைய டொக்டர் ஓய்வெடுத்துவிட்டாராம். புதியவர் கைகொடுப்பதில்லையாம், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாராம். நெஞ்சு டொக்டரிடம் தெர்மின் எடுத்தால் ஐந்து மாதம் கழித்துத்தான் தருகிறார்களாம். “உங்கை போலைதான் இஞ்சையும் வந்திட்டுது” என்று சிரிப்பார். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். அங்கேயும் ஃப்ரிட்ஜ் சத்தம்தான் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் போனில் சில நேரம் எனக்கே அது கேட்கும்.

போன ஞாயிறும் எடுத்தார். நான் மேசையில் இருந்தேன், கார்ட் முன்னால் இருந்தது. அவர் பேசும்போது அதை எடுத்து வைத்துக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மழையைப் பற்றிப் பேசினோம், என் கணவரின் திவசம் வருவதைப் பற்றிப் பேசினோம். பிறகு அவர் கேட்டார். “குரல் ஒரு மாதிரிக் கிடக்கு. உமக்கு என்னவும் செய்யுதே?”

“நோ, நோ மச்சாள்” என்றேன். கவுண்டரில் நாள் முழுக்கச் சொல்கிற சொல், தானாக வந்துவிட்டது.

“எங்கை நோ?” என்று கேட்டார்.

இல்லை மச்சாள், நான் இங்கிலிஷில் சொன்னேன் என்று சிரித்திருக்கலாம். இத்தனை வருடத்தில் என்னிடம் எங்கே நோகிறது என்று யாரும் கேட்கவில்லை. “எங்கை எண்டு கேக்கிறன், சொல்லுமன்” என்று அவர் குரலை உயர்த்தினார், “நெஞ்சே?”

“ஓம்” என்றேன். “பயப்பிடாதேங்கோ, அந்த நோ இல்லை. மச்சாள், அண்டைக்குப் புதன்கிழமை நீங்கள் தாள் வாங்க வந்தனீங்கள், ஞாபகம் இருக்கே? எல்லாம் எழுதியிருக்கினமே எண்டு கேட்டனீங்கள்.”

“ஓம். எழுதியிருக்கு எண்டு சொன்னனீர்.”

கார்டைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளுவது போல மேசையில் மெதுவாக முன்னால் தள்ளி வைத்தேன்.

“எழுதியிருக்கேல்லை, மச்சாள்” என்றேன்.